பாத்தியதை

வாலிநோக்கம் உப்பளத்துச் சோதனைக்கூடம்.
மதியம் இரண்டரை. கரண்ட் இல்லை.
ஷிப்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
சோடியத்துக்கு 0.93 என்று எழுதுகிறேன்,
குளோரினுக்கு 3.16.
எலக்ட்ரானைத் தன் பக்கம்
யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்ற கணக்கு.

கழித்தால் 2.23.
அதை அதனாலேயே பெருக்கி
நாலில் ஒரு பங்கு எடுத்து
மைனஸ் போட்டு அடுக்கில் ஏற்றி
வருவதை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.
கால்குலேட்டர் வெயிலில் மங்கிக் காட்டுகிறது:
எழுபத்தொன்று சதவீதம்.

பள்ளிக்கூடப் புத்தகம் வேறு மாதிரிச் சொன்னது.
சோடியம் கொடுக்கும், குளோரின் வாங்கும்,
அத்தோடு முடிந்தது.
படத்தில் ஓர் அம்புக்குறி.
அம்பு போன வழியில் எதுவும் திரும்பி வரவில்லை.

கணக்கில் அப்படி இல்லை.
மீதி இருபத்தொன்பது
இன்னும் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது
யாருடையது என்று சொல்ல முடியாமல்.

நேற்று கடலாடி சார்பதிவாளர் அலுவலகத்தில்
எழுத்தர் வாசித்தார்:
"மலைராசு மகள் முத்திருளாயி ஆகிய நான்
என் தமையன் குமரய்யாவுக்கு
மனப்பூர்வமாய் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.
மேற்படி உப்பளத்தில் இனி எனக்கோ
என் வாரிசுகளுக்கோ
யாதொரு உரிமையும் பாத்தியதையும் கிடையாது."

பாத்தியதை.
அந்தச் சொல்லுக்குள்ளேயே பாத்தி கிடக்கிறது
வரப்பு உடையாமல்.
எழுத்தர் கவனிக்கவில்லை,
வேகமாய்த் தாண்டிப் போனார்.

கட்டைவிரலை மெஷினில் வைத்தேன். படியவில்லை.
குளோரைடு அளக்கிற சில்வர் நைட்ரேட் கறை.
துடைத்துவிட்டு வைம்மா என்றார்கள்.
துடைத்தால் போகிற கறுப்பா அது?
குமரய்யா வாசலில் நின்று
யாரோடோ லாரி வாடகை பேசிக்கொண்டிருந்தான்.
நாலாவது தடவை மெஷின் ஒத்துக்கொண்டது.

ஒரே அணு இரண்டு சேர்ந்தால்
வேறுபாடு பூஜ்யம்.
கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை, சரிபாதி.
குளோரினும் குளோரினும் அப்படித்தான்.
ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கும்
அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.
எங்களுக்குள் அந்த முதல் புள்ளி
எந்த வருஷம் ஏறியது?
அவனுக்கு டிராக்டர் எடுத்த வருஷமா,
எனக்குக் காலேஜ் பீஸ் கட்டின வருஷமா?
இரண்டுக்கும் அதே உப்புதான் விற்றது.

சீசியத்தையும் ஃபுளோரினையும் போட்டுப் பார்க்கிறேன்.
விட்டுக்கொடுக்கவென்றே பிறந்தது ஒன்று,
பறிக்கவென்றே பிறந்தது இன்னொன்று.
தொண்ணூற்றிரண்டு.
அதுகூட நூறு இல்லை.

சரி, எல்லாம் உத்தேசம்தான்.
இன்னொரு சூத்திரத்தில் போட்டால்
இதே உப்புக்கு ஐம்பத்துமூன்று வருகிறது,
சர்வேயர் மாறினால் வரப்பு நகர்வது போல.
நாக்குக்கு இரண்டும் ஒன்று.

நாலு மணிக்குச் சாம்பிள் பாட்டில்கள் வந்தன.
சின்ன அளக்காரர்களுடையது.
ஒன்றில் ஏழாம் பாத்தி, குமரய்யா என்று ஒட்டியிருந்தது.
ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டேன்.
ஆடி ஆடி நின்றது இருபத்தொன்பதில்.
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
இது டிகிரி, அது சதவீதம்.
ஆனாலும் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

இதற்குமேல் தேக்கினால் மெக்னீசியம் இறங்கும்.
உப்பு கசக்கும், காற்றிலிருந்து ஈரம் குடிக்கும்,
மூட்டை மூட்டையாய் அழுதுகொண்டிருக்கும்.
ரிப்போர்ட் நாளைக் காலையில்தான் போகும்.
அந்தத் தண்ணீர் அதுவரை பொறுக்காது.

போனில் அடித்தேன்:
"ஏழாம் பாத்தி 29. கசப்புத் தண்ணியை
இன்னிக்கே வெட்டி விட்டிரு."

கச்சான் காற்று ஜன்னலை அடித்து அடித்துச் சாத்தியது.
வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:
"வெட்டியாச்சு."

வரப்பைத்தானே என்று
நான் திருப்பிக் கேட்கவில்லை.